முழங்காலுக்குள் இருக்கும் பிறை

சென்ற மாதம் ஒரு நாள் காலை சுகன்யா எனக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வு பெற்றபோது ஆஸ்பத்திரியின் இயன்மருத்துவப் பிரிவில் என் இடத்துக்கு வந்தவள் அவள். முழங்கால் நோவோடு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்கு ஒரு துண்டுப்பிரசுரம் அச்சிடப் போகிறார்களாம். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கிக்கொண்டு போனவர்கள் ஒரு சொல்லில் வந்து நின்றுவிட்டார்கள்.

“மிஸ், மெனிஸ்கஸ் எண்டதுக்கு என்ன போடுறது? ஒராள் குருத்தெலும்பு எண்டு போடச் சொல்லுறார். இன்னொராள் மெனிஸ்கஸ் எண்டே விடுவம் எண்டுறார்.”

“குருத்தெலும்பு எண்டு மட்டும் போடாதேங்கோ.”

“ஏன் மிஸ், பிழையோ?”

“பிழையில்லை. அதுதான் கரைச்சல்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, “அப்ப அதை ஒருக்கா எழுதித் தாங்கோவன். புதுசா வந்த பிள்ளையளும் வாசிக்கட்டும்” என்றாள். சரியென்று சொல்லிவிட்டேன். சொல்லின் கதையை ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம். மரியதாஸ் அண்ணையின் கதையையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த ஒரு பக்கத்தால் யாருக்கும் பிரயோசனமில்லை.

முதலில் அந்தப் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். தொடையெலும்பின் அடி உருண்டையானது. கீழ்க்கால் எலும்பின் தலை கிட்டத்தட்டத் தட்டையானது. உருண்டை ஒன்றைத் தட்டைப் பலகையில் வைத்தால் உருண்டு போகும். சுற்றிவர அணை கொடுத்தால் நிற்கும். அப்படி அணை கொடுப்பதற்கு ஒவ்வொரு முழங்காலுக்குள்ளும் இரண்டு மெத்தைகள் இருக்கின்றன. வெண்மையாய், வழுவழுப்பாய், றப்பர் போல வளைந்து கொடுக்கும். வெளிவிளிம்பு தடிப்பு, உள்விளிம்பு மெல்லிசு. நாம் நடக்கும்போதும் குந்தும்போதும் பாரத்தைப் பகிர்ந்து தாங்குபவை அவைதான். அவற்றுக்குத்தான் மெனிஸ்கஸ் என்று பெயர்.

இந்தச் சொல்லை நான் முதலில் படித்தது முழங்காலில் அல்ல, பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில். உடுவிலில் உயர்தரம் படிக்கும்போது இரசாயனவியல் செய்முறை வகுப்பில் அளவி என்ற நீண்ட கண்ணாடிக் குழாயில் திரவத்தின் மட்டத்தை வாசிக்க வேண்டும். குழாய்க்குள் நீரின் மேற்பரப்பு நடுவில் பள்ளமாகி ஓரங்களில் உயர்ந்து நிற்கும். அதைப் பிறையுரு என்று படித்தோம். “கண்ணை நேரை வைச்சு, பிறையுருவின்ரை அடியை வாசி” என்று ரீச்சர் பின்னால் நின்று சொல்லுவா. பிறகு கொழும்புக்குப் போய் இயன்மருத்துவம் படித்தேன். அங்கே எல்லாம் ஆங்கிலம். மெனிஸ்கஸ் எங்கே இருக்கிறது, எப்படிக் கிழியும், கிழிந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று மனப்பாடமாகச் சொல்லுவோம். அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து என்று யாரும் கேட்கவில்லை. அளவிக்குள் இருந்ததும் முழங்காலுக்குள் இருப்பதும் ஒரே சொல் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. படிப்பு முடிந்து யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வேலையில் சேர்ந்து பல வருடங்களுக்கு அப்படியேதான் இருந்தது.

எங்கள் எலும்பு சத்திரசிகிச்சை நிபுணரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயரை எழுதினால் கோபிப்பார். அதனால் சேர் என்றே எழுதுகிறேன். உயரமான மனிதர். கிளினிக் கதிரையில் இருக்கவே மாட்டார். நோயாளியைக் கட்டிலில் படுக்க வைத்து, தான் ஒரு சிறிய முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டு, முழங்காலின் மட்டத்துக்குத் தன் முகம் வருமாறு இருப்பார். உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்குவார். பிறகு நோகாத காலைத்தான் முதலில் தொடுவார்.

“அது நல்ல கால், சேர்” என்று நோயாளிகள் பதறிச் சொல்லுவார்கள்.

“தெரியும். நல்லது எப்பிடி இருக்குமெண்டு முதல் பாக்கிறன்.”

நோகிற காலுக்கு வந்ததும், ஒரு கையின் விரல்களை மூட்டு இடுக்கின் ஓரத்தில் வைப்பார். மறு கையால் பாதத்தைப் பிடித்து, காலை நன்றாக மடக்கி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, மெல்ல நீட்டுவார். உள்ளே மெத்தை கிழிந்திருந்தால் விரலுக்குக் கீழே ஒரு ‘டக்’ தெரியும். அந்த நேரத்தில் அவருடைய கண் மூடியிருக்கும். “இப்ப நோகும்” என்று அவர் சொன்னால் அந்தக் கணத்தில் நோகும். “இனி நோகாது” என்றால் நோகாது. நோயாளிக்குப் பொய் சொல்லி நான் கண்டதில்லை.

ஒரு குறை. விளங்கப்படுத்த அவருக்கு வராது. முழங்காலோடு கதைப்பாரே தவிர முகத்தோடு கதைக்க மாட்டார். “மீடியல் மெனிஸ்கஸ் கிழிஞ்சிருக்கு, ஒப்பரேஷன் செய்யவேணும், மிஸ் விளங்கப்படுத்துவா” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். ஆகவே விளங்கப்படுத்துவது என் வேலையாக இருந்தது. அதை நன்றாகச் செய்கிறேன் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மரியதாஸ் அண்ணை யாழ்ப்பாணக் கரையோரக் கொழும்புத்துறைக்காரர். அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். ஆழமில்லாத கடலில் தடிகளை நட்டு வலை கட்டி இறால் பிடிப்பவர். வள்ளத்தில் இருப்பதைவிட இடுப்பளவு நீரில் நடப்பதுதான் அந்தத் தொழிலில் அதிகம். ஒரு நாள் விடியற்காலை இறுகிப்போன தடியொன்றைப் பிடுங்கியிருக்கிறார். இடது கால் சேற்றில் முழங்கால் வரை புதைந்து நின்றது. தடி சட்டென்று கழன்று வர, உடம்பு ஒரு பக்கம் திரும்பியது. கால் திரும்பவில்லை.

“உள்ளுக்கை ஏதோ கிழிஞ்ச சத்தம் கேட்டது, மிஸ்,” என்றார். “துணி கிழிஞ்ச மாதிரி.”

அதற்குப் பிறகு அவரால் காலை முழுதாக நீட்ட முடியவில்லை. மடித்த கத்தி பாதியில் இறுகினது போல முழங்கால் அரைவாசியில் நின்றது. மூன்று நாள் நோவெண்ணெய் பூசிப் பார்த்துவிட்டு, நான்காம் நாள் மனைவி ஜெசிந்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். சேர் நல்ல காலைப் பார்த்தார், நோகிற காலைப் பார்த்தார், கண்ணை மூடினார். எழும்பி என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: மெத்தையில் கிழிந்த நார் வாளியின் கைபிடி போலப் புரண்டு மூட்டுக்குள் இறுகியிருக்கிறது, கிழிவு புதிது, வெளிவிளிம்பில், அங்கே இரத்தோட்டம் இருக்கிறது, கெதியாகச் செய்தால் தைத்துவிடலாம். அவருடைய குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. தைக்கக்கூடிய கிழிவு எங்களுக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கும். மற்றவர்கள் எல்லோரும் பிந்தித்தான் வருவார்கள்.

வெளியே நீள வாங்கில் உட்கார்ந்திருந்த மரியதாஸ் அண்ணையிடம் நான் போய்ச் சொன்னேன். பாடப்புத்தகத்தில் கசியிழையம் என்று ஒரு சொல் இருக்கிறது. அது யாருக்கும் விளங்காது. ஆகவே வழக்கமாகச் சொல்லுவதையே சொன்னேன்.

“அண்ணை, முழங்காலுக்குள்ளை குருத்தெலும்பு கிழிஞ்சுபோச்சு. ஒப்பரேஷன் செய்யவேணும். பயப்பிட ஒண்டுமில்லை.”

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “ஓம், மிஸ்” என்றார். திங்கட்கிழமை வந்து வார்ட்டில் சேருமாறு துண்டு எழுதிக் கொடுத்தேன். அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை.

“அந்த இறால்காரர் எங்கை?” என்று சேர் இரண்டு முறை கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். எனக்கு மரியதாஸ் அண்ணையின் “ஓம், மிஸ்” காதுக்குள்ளேயே நின்றது. சம்மதிக்கிறவர்கள் ஏதாவது கேள்வி கேட்பார்கள். எத்தனை நாள் படுக்க வேண்டும், எப்போது தொழிலுக்குப் போகலாம் என்றாவது கேட்பார்கள். அவர் ஒன்றும் கேட்கவில்லையே என்பது அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

நாலு மாதத்துக்கு மேல் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மீன் வாங்க நின்றேன். எதிரே இறால் குவியலுக்குப் பின்னால் ஜெசிந்தா இருந்தா. என்னைக் கண்டதும் பார்வையைத் திருப்பிக்கொண்டா. நான் விடவில்லை.

“அண்ணைக்கு இப்ப எப்பிடி?”

“இருக்கிறார்.”

“நடக்கிறாரோ?”

“நொண்டி நொண்டி நடக்கிறார். கடலுக்கு என்ரை தம்பிதான் போறான். இவர் கரையிலை குந்தக்கூட ஏலாமல் ஒரு பெட்டியிலை இருந்து கிழிஞ்ச வலை பொத்துறார்.”

“ஏன் அண்டைக்கு வரேல்லை?”

ஜெசிந்தா கைகளை நீரில் அலம்பித் துடைத்தா. அவசரப்படாமல் துடைத்தா. பிறகு சொன்னா:

“இவரின்ரை மூத்த தமையன் ஒராள் இருந்தவர், மிஸ். காலிலை காயம் பட்டு ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனம். எலும்பிலை கொஞ்சம் எடுக்கவேணும் எண்டு சொன்னவை. எடுத்தவை. பிறகு இன்னும் கொஞ்சம் எண்டவை. கடைசியிலை முழங்காலோடை எடுத்துப்போட்டினம். இவர்தான் பக்கத்திலை நிண்டு பாத்தவர். நீங்கள் எலும்பு கிழிஞ்சுது, ஒப்பரேஷன் எண்டு சொன்னனீங்கள். இவர் வீட்டை வந்து ஒரு சொல்லும் கதைக்கேல்லை.”

சந்தையில் சுற்றிவரச் சத்தம். குருத்து என்று நான் சொன்னது அவர் காதில் விழவேயில்லை. எலும்பு மட்டும் விழுந்திருக்கிறது. அந்த நாலு மாதமும் கிழிந்த நார் மூட்டுக்குள் அரைபட்டுக்கொண்டிருந்திருக்கும்.

“ஒருக்கா மட்டும் கூட்டிக்கொண்டு வாங்கோ,” என்றேன். “ஒப்பரேஷன் செய்யச் சொல்ல மாட்டன். உள்ளுக்கை என்ன இருக்குதெண்டு காட்டுறன். பாத்துப்போட்டு அவர் வீட்டை போகலாம்.”

புதன்கிழமை இருவரும் வந்தார்கள். அவருடைய இடது தொடையை அளவுநாடாவால் அளந்தேன். வலதைவிட இரண்டு விரற்கடை மெலிந்திருந்தது. அளவை எழுதிவிட்டு, அவரைச் சேரின் அறைக்குக் கூட்டிப்போனேன். அங்கே மேசையில் பிளாஸ்ரிக் முழங்கால் ஒன்று இருந்தது. மேலெலும்பைக் கழற்றினால் உள்ளே இருக்கும் இரண்டு மெத்தைகளையும் கையில் எடுக்கலாம். சேர் ஜன்னலோரம் நின்று எக்ஸ்றே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு மெத்தைகளையும் கழற்றி, எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று காட்டி, மரியதாஸ் அண்ணையின் உள்ளங்கையில் வைத்தேன்.

“இது எலும்போ, பாருங்கோ.”

அவர் விரலால் அழுத்தினார், வளைத்தார். வலையில் வந்த புதுச் சாமானைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார்.

“உது பிறையெல்லே, மிஸ்,” என்றார். “உள்பக்கத்து இது மெலிஞ்ச பிறை. வெளிப்பக்கத்து அது வளந்துகொண்டு போறது, இன்னும் கொஞ்சத்திலை வட்டம் முட்டப்போகுது.”

சேர் எக்ஸ்றேயைக் கீழே வைத்தார். இருபது வருடமாக முழங்கால்களைத் திறந்தவர். மாணவர்கள் இந்த இரண்டின் வடிவத்தையும் பிரித்துச் சொல்லத் தடுமாறுவதைப் பார்த்தவர். அலுமாரிக்குப் போய், தடித்த மருத்துவ அகராதி ஒன்றை எடுத்து, நின்றபடியே புரட்டினார். வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அந்த வரியைக் காட்டினார். கிரேக்க மொழியில் நிலவுக்கு மேனே என்று ஒரு சொல் இருக்கிறது. அதைச் சிறிதாக்கிச் சொல்வது மேனிஸ்கொஸ். சின்ன நிலவு, பிறை. அதிலிருந்து வந்ததுதான் மெனிஸ்கஸ்.

அவர் திரும்பி, அன்றுதான் முதல் முறையாக, ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்துக் கதைத்தார்.

“நீர் சொன்னதுதான் சரி. அந்தக் காலத்துக் கிரேக்கரும் இதைப் பாத்துப் பிறை எண்டுதான் சொல்லியிருக்கினம். நான் இதை இவ்வளவு காலமும் வெட்டினனான், தைச்சனான். பேரின்ரை கருத்து இப்பத்தான் தெரியும்.”

எனக்கு அளவியும் பிறையுருவும் அப்போதுதான் ஞாபகம் வந்தன. பதினெட்டு வயதில் கையில் தந்த தமிழ்ச் சொல்லை நான் ஒரு தடவை கூட ஆஸ்பத்திரிக்கு எடுத்து வரவில்லை என்பது வெட்கமாக இருந்தது.

மரியதாஸ் அண்ணை இன்னமும் அந்த இரண்டையும் கையில் வைத்திருந்தார். குனிந்தபடியே ஒரு கேள்வி கேட்டார்.

“சேர், கிழிஞ்ச பிறை திரும்ப வளருமோ?”

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. சேரும் எதிர்பார்க்கவில்லை. ஜெசிந்தா சுவரோரத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தா. ஓம் என்று சேர் சொல்லியிருந்தால் அண்ணை அன்றே கட்டிலில் ஏறிப் படுத்திருப்பார்.

“இல்லை,” என்றார் சேர். “இது வளராது. கிழிஞ்ச துண்டு உள்ளுக்கை சிக்குப்பட்டுக் கிடக்கு. அதை எடுத்தால் கால் நீளும். மிச்சப் பிறையோடை கவனமாய் இருக்கவேணும்.”

“எலும்பு?”

“எலும்பிலை கை வைக்க மாட்டன்.”

“எழுதித் தருவியளோ?”

சேரிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. சேர் முக்காலியை இழுத்துப் போட்டு இருந்தார். மருந்து எழுதும் துண்டொன்றை எடுத்து, தமிழில், பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவது போல எழுத்துக்கூட்டி எழுதினார்: ‘எலும்பில் கை வைக்க மாட்டேன்.’ கீழே கையெழுத்து வைத்துக் கொடுத்தார். மரியதாஸ் அண்ணை அதை வாசித்தார். மனைவியிடம் கொடுத்தார். அவவும் வாசித்தா.

“எப்ப வரவேணும்?” என்று கேட்டார்.

சம்மதிக்கிறவர்கள் கேட்கிற கேள்வி அது.

முழங்காலில் இரண்டு சின்னத் துளை போட்டு, ஒன்றில் கமெராக் குழாயும் மற்றதில் கருவியும் விட்டுச் செய்கிற ஒப்பரேஷன் அது. நார் நைந்து சிதைந்திருந்ததால் தைக்க முடியவில்லை. அந்தத் துண்டை மட்டும் எடுத்தார்கள். மறுநாள் காலை நான் வார்ட்டுக்குப் போனேன். முழங்காலின் கீழே துவாயைச் சுருட்டி வைத்து, “அண்ணை, துவாயை முழங்காலாலை கட்டிலோடை நெரியுங்கோ” என்றேன். தொடைத் தசை முதலில் அசையவேயில்லை. என் கையைத் தசைமேல் வைத்து, “இங்கை, இங்கை” என்றேன். மூன்றாவது தரம் ஒரு துடிப்பு வந்தது. குதிக்காலின் கீழே துவாயை மாற்றி வைத்தேன். முழங்கால் மெல்ல மெல்ல இறங்கியது. கோணமானியை வைத்து வாசித்தேன். பூச்சியம். நேர்க்கால். பக்கத்துக் கட்டில்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

இன்னொன்றையும் நான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் சொன்னேன்.

“அண்ணை, முதல் வந்த நேரமே செய்திருந்தால் அதைத் தைச்சிருக்கலாம். எடுக்கத் தேவை வந்திராது. நான் அண்டைக்கு விளங்கச் சொல்லேல்லை. அது என்ரை பிழை.”

அவர் கட்டிலில் எழும்பி இருந்தார்.

“நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கேக்கை நான் அண்ணையின்ரை காலைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான், மிஸ்,” என்றார். “வேறை ஒண்டும் கேக்கேல்லை. ஆர் வந்து என்னண்டு சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டன்.”

என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு நான் யாரையும் வாங்கில் இருத்தி ஒரு வசனத்தில் விளங்கப்படுத்தி அனுப்பியதில்லை. அந்தப் பிளாஸ்ரிக் மெத்தைகளைக் கையில் கொடுப்பேன். பிறைக்குருத்து என்று சொல்லுவேன்; சுகன்யாவுக்கும் அந்தச் சொல்லைத்தான் தருகிறேன். சில பேர் குருத்து என்றதும் பனங்குருத்து மாதிரியோ என்று கேட்பார்கள். ஓம், அவ்வளவு மென்மையானது, எலும்பில்லை என்பேன். பிறகு, “இப்ப நான் சொன்னதை நீங்கள் ஒருக்கா எனக்குச் சொல்லுங்கோ பாப்பம்” என்று கேட்பேன். அவர்கள் திருப்பிச் சொல்லும்போதுதான் நான் எங்கே பிழை விட்டேன் என்று தெரியும். சேரும் மாறினார். முழங்காலைப் பார்த்து முடிந்ததும் முக்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, தலையை நிமிர்த்தி, “உங்களுக்கு என்ன கேக்கவேணும்?” என்று கேட்கப் பழகினார். அதைக் கேட்கும்போது அவருடைய காது சிவக்கும். தாதிமார் அதைப் பார்த்துத் தங்களுக்குள் சிரிப்பார்கள். எனக்கு அவரில் மதிப்பு முன்பும் இருந்தது. பாசம் வந்தது அந்தச் சிவந்த காதுகளால்தான்.

ஆறு கிழமை மரியதாஸ் அண்ணை தவறாமல் பயிற்சிக்கு வந்தார். முழுதாகக் குந்த இனி வேண்டாம் என்று சொன்னேன். சேற்றில் கால் புதைந்தால் உடம்பைத் திருப்புவதற்கு முன் பாதத்தை உருவி எடுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். கிளினிக்கின் நடுவில் அதை அவர் நடித்துக் காட்டுவார். வரிசையில் இருக்கிறவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

அவர் திரும்பத் தொழிலுக்குப் போய் ஒரு வருடமிருக்கும். கொழும்புத்துறையில் ஒரு செத்தவீட்டுக்குப் போன நான், வரும் வழியில் கரைக்குப் போனேன். பின்னேரம். கடல் தகரம் போல அசையாமல் கிடந்தது. தூரத்தில் வலைத் தடிகளுக்கு நடுவே ஒரு ஆள் இடுப்பளவு நீரில் நடப்பது தெரிந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் நின்று, பாதத்தை எடுத்து, பிறகு திரும்பினார். அந்த நடையைப் பார்த்தவுடனேயே ஆள் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு முன்னால் ஜெசிந்தா கடலுக்கு முதுகு காட்டி இருந்துகொண்டு, அயல் பெண்ணொருத்திக்குத் தலை பின்னி விட்டுக்கொண்டிருந்தா. என்னைக் கண்டு எழும்ப முயன்றா. நான் தோளைப் பிடித்து இருத்தினேன்.

“அண்ணை அங்கை தனியவோ நிக்கிறார்?” என்று கேட்டேன்.

“ஓம், மிஸ். காலமை போனவர்.”

அவ பின்னலில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

“முந்தி அவர் கரைக்கு வந்து சேருமட்டும் நான் அதிலை நிண்டு பாத்துக்கொண்டே இருப்பன். இப்ப பாக்கிறேல்லை. பாதத்தை உருவிப்போட்டுத்தான் திரும்புவார்.”

சொல்லிவிட்டுப் பின்னலின் நுனியில் நாடாவை இறுக்கி முடிந்தா.